வெல்டிங் வேலையும் ஊழியமா?

கேள்வி: ஞாயிறன்று சபையில் செய்வது ஊழியம், சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் மற்ற ஆறு நாளும் பார்க்கும் வெல்டிங் வேலை வெறும் பிழைப்புதானா?

இல்லை. வேலையே பாவத்தின் தண்டனை என்று நினைப்பது ஆதியாகமம் 3-ஐ மட்டும் படிப்பதால் வருவது. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு 2:15-லேயே இருக்கிறது. பிறகு சேர்ந்தது முள்ளும் வியர்வையும். 'பண்படுத்த' என்பதற்கு அங்குள்ள எபிரெயச் சொல் 'ஆவாத்'. கடவுளுக்கு ஆராதனை செய்வதற்கும் அதே சொல்தான். பவுலும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தவர்.

நடைமுறைக்கு வருவோம். கப்பலின் டாங்கிக்குள் இறங்குமுன், காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் கேஸ் மீட்டரை மேலே, நடுவே, அடியில் என மூன்று மட்டத்திலும் விட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மேலே மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட் படிவத்தில் மூன்று கட்டத்தையும் நிரப்பினால், அடியில் தேங்கிய கனமான வாயு கண்ணில் படாது. இறங்குகிறவர் உயிரோடு ஏறி வருவது நிச்சயமில்லை. காலையில் எவ்வளவு ஜெபித்திருந்தாலும் சரி. கொலோசெயர் 3:23 சொல்லும் 'கர்த்தருக்கென்று' செய்வது, யாரும் பார்க்காத அந்த மூன்றாவது அளவீடுதான்.

ஆனால் அந்த வசனம் அடிமைகளுக்கு எழுதப்பட்டது. அதைக் காட்டி ஓவர்டைம் காசை அமுக்கப் பார்க்கும் முதலாளி, மூன்று வசனம் தள்ளி 4:1-ஐயும் வாசிக்கட்டும்: வேலைக்காரருக்கு நீதியானதைக் கொடுக்கச் சொல்கிறது.