பள்ளியில் வரலாற்றுப் பாடம் உங்களுக்குப் பிடித்திருந்ததா?

முதலில் பிடிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. சமூக அறிவியலில் புவியியல் என்றால் மேப் குறிக்கலாம், குடிமையியல் சீக்கிரம் முடிந்துவிடும். வரலாறுதான் நீளம். யாராவது எழுந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பான். அப்புறம் ஒரு மார்க் கேள்விகளுக்கான விடைகளைப் பென்சிலால் அடிக்கோடு போடுவோம், பாடம் முடிந்தது. பானிபட் 1526, 1556, 1761. பிளாசி 1757. ஏன் சண்டை போட்டார்கள் என்பது ஐந்து மார்க்கில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் வேலூர். அதனால் 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சிப் பாடம் வந்தபோது சிலிர்த்துப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. எங்களுக்குக் கோட்டை என்றால் அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். புரட்சி என்றால் ஜூலை 10, புதிய தலைப்பாகை, அதில் தோல் பட்டை, சமயக் குறியும் கடுக்கனும் கூடாது என்ற உத்தரவு, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிய ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி. கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்.

என்னை மாற்றியது பெண்டிங் பிரபு. சமூகச் சீர்திருத்தப் பாடத்தில் அவர் நல்ல மனிதர்: 1829-இல் சதியை ஒழித்தவர், ராஜாராம் மோகன்ராய்க்குத் துணை நின்றவர். ஒரு பரீட்சைக்கு முந்தைய நாள் திருப்பிப் பார்க்கும்போது வேலூர்ப் பாடத்திலும் அதே பெயர். 1806-இல் சென்னை மாகாண ஆளுநர், புரட்சிக்குப் பிறகு லண்டன் திருப்பி அழைத்துக்கொண்ட ஆள். இருவரும் ஒருவர்தானா என்று முன்னும் பின்னும் புரட்டினேன். ஒருவரேதான். எங்கள் ஊர்க் கோட்டையால் பதவி பறிபோனவர், 1828-இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்திருக்கிறார். இரண்டு பாடத்துக்கும் நடுவில் அதைச் சொல்ல ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகு இதுவே ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தது 1799 மே. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது அதே 1799 அக்டோபர். மைசூர்ப் போர்கள் ஒரு பாடம், பாளையக்காரர்கள் வேறு பாடம் என்பதால் இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள்தான் என்று எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மைசூர் விழுந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தெற்கே கை ஓங்கியது. திப்புவின் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்த இடம் வேலூர்க் கோட்டை. 1806-இல் சிப்பாய்கள் கொடியேற்றியது அவர்கள் பெயரில்தான். புரட்சி அடங்கியதும் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து அதே கோட்டைக்கு இலங்கையில் கண்டியின் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கன் கைதியாக வந்தார், 1832-இல் வேலூரிலேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவருக்காகத்தான். பஸ்ஸில் தினம் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

வருடங்களை மனப்பாடம் செய்ய வைத்ததுதான் வரலாற்றைக் கெடுத்தது என்று இங்கே நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வருடங்கள் தலையில் இருந்ததால்தான் 1799 இரண்டு இடத்தில் வருவது கண்ணில் பட்டது. மனப்பாடம் செய்த பிறகு ஒன்றையொன்று பக்கத்தில் வைத்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை, என் குறை அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் வரும் காலக்கோடு கேள்விகூட ஐந்து நிகழ்வுகளைக் குறித்தால் மார்க் என்பதோடு நின்றுவிடுகிறது.

இப்போது அக்கா பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது, பாட வாரியாக வேண்டாம், ஒரே நீளத் தாளில் எல்லாப் பாடத்து வருடங்களையும் எழுது என்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறான்.

மற்றபடி நான் வரலாற்றுப் புலி எல்லாம் இல்லை. டெல்லி சுல்தான்கள் வரிசை இன்றுவரை மண்டையில் ஏறவில்லை. வம்சங்களைக் கேட்டால் சொல்லிவிடுவேன், உள்ளே யாருக்குப் பின் யார் என்று கேட்டால் துக்ளக்கோடு நின்றுவிடும்.