செஞ்சியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் செஞ்சிக்குச் சென்றிருந்தேன். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட செய்தியைப் படித்ததிலிருந்தே போக வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் ராஜகிரி ஏறத் தொடங்கி, உச்சியைத் தொட்டுவிட்டு, மதியத்துக்குள் இறங்கிவிட்டோம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமே. தேசிங்கு ராஜன் கோட்டை என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு, அவனுடைய அரண்மனை என்று சுட்டிக்காட்ட அங்கே ஒரு சுவர்கூட இல்லை. மேலே சில கட்டடங்கள், ஒரு பீரங்கி, ஏராளமான குரங்குகள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியைச் சேர்த்திருப்பது குழப்பமாகவும் இருக்கிறது. அங்கே உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? சுற்றுவட்டாரத்தில் தவறவிடக் கூடாத இடங்கள் உண்டா?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

செஞ்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நீங்கள் செய்ததைத்தான் செய்கிறார்கள். ராஜகிரியின் உச்சியே கோட்டை என்று நினைத்து, மூச்சு வாங்க ஏறி, மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு, கால் வலியோடு திரும்புகிறார்கள். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அந்தக் குன்று, கீழே எல்லாம் கைவிட்டுப் போன பிறகு ஒதுங்குவதற்கென வைத்திருந்த கடைசிப் புகலிடம். கோட்டை என்பது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் முக்கோணமாக இணைத்துக்கொண்டு சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் மதிலும், அதற்குள் இருந்த நகரமும்தான். செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1597-இல் இங்கே வந்த பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலேயே பெரியது இதுதான் என்றும், லிஸ்பனை விட்டால் போர்ச்சுக்கல்லில் இதற்கு ஈடான நகரம் இல்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். அந்த நகரத்தைக் கடந்துதான் நீங்கள் படிக்கட்டுக்குப் போயிருப்பீர்கள்.

ஆகவே என் பரிந்துரை, அடுத்த முறை மலையேறுவதற்கு முன்பு அடிவாரத்தில் அரைநாள் செலவிடுங்கள் என்பதுதான். அரண்மனை எங்கே என்று கேட்டீர்கள். ராஜகிரியின் அடியில் அது இருந்த இடத்தைத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, அடித்தளச் சுவர்களை வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். அரசர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் கல்மேடையும் அங்கேயே இருக்கிறது. அதன் அருகில் குதிரை லாயம், பெரிய தானியக் களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம் என்று அழைக்கப்படும் கட்டடம், ஆனைக்குளம், அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே உயரும் கல்யாண மஹால் ஆகியவை உள்ளன. கல்யாண மஹாலுக்குத் தொலைவிலுள்ள நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். களஞ்சியத்துக்குள் நுழைந்தால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் அந்தச் சுவர்களின் கனத்தால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். எத்தனை பேருக்கு எத்தனை நாள் சோறு போட வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் கட்டிய கட்டடம் அது. அரசனின் அறையைத் தேடுவதை விட்டுவிட்டு, நெல்லையும் நீரையும் எங்கே வைத்தார்கள் என்று தேடத் தொடங்கினால் செஞ்சி முழுவதும் பேச ஆரம்பித்துவிடும். சக்கரக்குளம், செட்டிகுளம், பாறை இடுக்குகளில் ஊறும் சுனைகள், குன்றின் மேலேயே மழைநீரைப் பிடித்துவைத்த தொட்டிகள் என்று ஒவ்வொரு மட்டத்திலும் தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார்கள்.

மலையேறும்போது கவனிக்க வேண்டியது மதில் பாறையைச் சந்திக்கும் இடங்கள். இந்தக் குன்றுகள் யாரோ கூடையிலிருந்து கொட்டியதுபோல உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவை. கட்டியவர்கள் அவற்றை அகற்றவில்லை. பாறை நிற்கும் இடத்தில் பாறையையே மதிலாக விட்டுவிட்டு, இரு பாறைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் வெட்டுக்கல்லால் அடைத்திருக்கிறார்கள். கமலக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டிச் செல்லும் வழியில் சற்று நின்று பார்த்தால், பாறையின் வளைவுக்கேற்ப ஒவ்வொரு கல்லும் சரித்துச் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். உச்சிக்கு முன்னால் ஒரு பாலத்தைக் கடந்திருப்பீர்கள். அதன் கீழே இருப்பது சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவு. பாலத்தை நீக்கிவிட்டால் மேலே போக வேறு வழி கிடையாது. பெரும்படையோடு வந்தவனும் அந்த இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நின்றிருக்க முடியும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் எதற்கு உதவின என்பதற்கு உங்கள் மராட்டியக் கேள்வியே விடையாகிறது. 1649-இல் நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைப் பறித்தது. 1677-இல் சிவாஜி அதைக் கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் இராஜாராம் 1689-இல் முகலாயர்களிடமிருந்து தப்பி இங்கே வந்து சேர, அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு மராட்டிய அரசின் தலைநகரமே செஞ்சி என்றாயிற்று. 1690-இல் ஔரங்கசீப் அனுப்பிய சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். இடையில் ஒரு கட்டத்தில் முற்றுகையிட்டவர்களே மராட்டியக் குதிரைப்படையால் சூழப்பட்டு, வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. உடன் வந்திருந்த முகலாய இளவரசர் காம் பக்ஷ் எதிரியோடு பேச்சு நடத்துவதாக ஐயுற்று அவரையே சிறைவைத்தார்கள். 1698-இல் கோட்டை விழுந்தபோது இராஜாராம் அங்கே இல்லை. அதற்கு முன்பே வேலூர் வழியாகத் தப்பிவிட்டார். 2025-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, பன்னிரண்டாவதாகச் செஞ்சி இடம்பெற்றதன் நியாயம் இதுதான். பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால், நீங்கள் காணும் கட்டடங்களில் கணிசமானவை நாயக்கர் காலத்தவை என்பதையும் அறிவிப்புப் பலகைகளில் இன்னும் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட குறை.

தேசிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கேயிருந்து வந்த புந்தேலா ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங்தான் நம் தேசிங்கு. தந்தைக்குப் பின் ஓராண்டுகூட நிறைவதற்குள், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் திறைப் பாக்கிக்காக மூண்ட போரில் 1714-இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே மாண்டுபோனான். அவனுடைய மனைவி உடன்கட்டை ஏறினாள். இராணிப்பேட்டை அவள் பெயரால் அமைந்தது. சில மாத ஆட்சியில் யாரும் கோட்டை கட்டுவதில்லை. அவனுக்கு நிலையான இடத்தைக் கொடுத்தது கதைப்பாடல்தான். கல்லில் அவனைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சுற்றுவட்டாரத்துக்கு ஒரு முழுநாள் தேவை. வடக்கே சில கிலோமீட்டரில் சிங்கவரம். அங்கே குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரின் முகம் ஒருபுறம் திரும்பியிருப்பதை, தேசிங்கு போருக்கு விடை கேட்டபோது அவர் முகம் திருப்பிக்கொண்டார் என்று ஊரார் விளக்குவார்கள். போகும் வழியிலேயே திருநாதர்குன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் செஞ்சிப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரே பாறையின் முகப்பில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்ததைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டும் அங்கேயே உள்ளது. கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய செஞ்சி அது. அங்கே சமணம் மறைந்துவிடவில்லை என்பதற்கு மேல்சித்தாமூர் மடம் சான்று. விழுப்புரம் சாலைப் பக்கம் போனால், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி எடுப்பித்ததாக மகேந்திரவர்மன் பொறித்துவைத்த மண்டகப்பட்டுக் குடைவரையைக் காணலாம்.

கோட்டைக்குள் கிழக்குப் பக்கமுள்ள வெங்கடரமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அங்கிருந்த ஒற்றைக்கல் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். கடலூர்க்காரரான உங்களுக்கு அவை நன்கு பழக்கமாகியிருக்கும்.

ராஜகிரிக்குப் பிற்பகல் முற்றிய பிறகு ஏற விடமாட்டார்கள் என்பதால், கிருஷ்ணகிரியை ஒரு காலைப்பொழுதில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் குறைவு, ஏறுவதும் எளிது. மேலே நடுவில் கூரை குவிந்த ஒரு சபா மண்டபமும் இரண்டு களஞ்சியங்களும் உள்ளன. ராஜகிரியின் மதில் எப்படி மேலேறிச் செல்கிறது என்பதை அங்கிருந்து பார்க்கையில்தான் முழுமையாக விளங்கும். தண்ணீர்ப் புட்டியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருந்தால் குரங்குகள் விடாது.