காட்டைக் காக்கக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: நிலத்து மரங்களை வெட்டாமல் காப்பவருக்குப் பணம் கொடுத்தால், பணம் நின்றதும் அக்கறையும் போய்விடாதா?

பதில்: போகலாம். ஆனால் பல நேரம் பணத்தைவிட, அதைக் கொடுக்கும் விதம்தான் கெடுக்கிறது. விரும்பிக் காத்துவந்தவரிடம் விலை பேசி, சந்தேகத்தோடு சோதனையும் போட்டால், அவருக்கு அது கூலி வேலையாகிவிடும். அற்பத் தொகை இன்னும் மோசம்: விளைச்சல் இழப்பும் ஈடாகாது, மனமும் புண்படும். மரம் அழித்தவருக்குத் திரும்ப நடப் பணம், முன்பிருந்தே காத்தவருக்கு ஒன்றுமில்லை என்பது அநியாயம். அடுத்தவரையும் வெட்டத் தூண்டும்.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா 1997 முதல் காடு காப்போருக்குப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் பணம் தருகிறது. அந்த நீண்ட காலம் முக்கியம்.

இப்படி ஒரு திட்டம் நடத்துவதானால், வேலி, நாற்று, களையெடுப்புச் செலவை முதலில் ஈடுகட்டுங்கள். விதிகளை நில உரிமையாளரோடு உட்கார்ந்து எழுதுங்கள். காட்டின் நிலையை அறிய உதவும் பறவைக் கணக்கெடுப்பை அவரே செய்யட்டும். திட்டம் முடியப்போகிறதென்றால் முன்கூட்டியே சொல்லி, தொகையைப் படிப்படியாகக் குறையுங்கள்.