கேளுங்க, சொல்றோம்: கடைக்குள்ள ஒரு சர்வர்

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): அண்ணா, எங்களுது ஸ்பேர் பார்ட்ஸ் கடை, அஞ்சு கம்ப்யூட்டர்ல பில்லிங். இப்ப ஒரு சர்வர் வாங்கி ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கோம். ரெண்டு டிஸ்க் மிரர்ல ஓடுது, அதனால பேக்கப் வேணாம்னு செட் பண்ணவர் சொல்லிட்டார். வீட்ல இருந்து பாக்க ரவுட்டர்ல ஏதோ போர்ட் திறந்து ரிமோட் டெஸ்க்டாப்பும் போட்டுக் குடுத்தார். இது போதுமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த போர்ட்ட மூடிட்டு வந்து மிச்சத்த படிங்க. போர்ட்னா வெளியிலேந்து உள்ள வர்ற வாசல் மாதிரி, 3389தான் அது, ரிமோட் டெஸ்க்டாப்போட வழக்கமான போர்ட், ராத்திரி பகல்னு இல்லாம யாராவது எங்கயாவது உக்காந்து புரோக்ராம் வச்சு பாஸ்வேர்ட் போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பான், ஃபைல எல்லாம் பூட்டிட்டு பணம் கேக்கற ரான்சம்வேர் நுழையற பழைய வழி இது. நம்பர மாத்தி வச்சா போதும்னு சிலர் சொல்வாங்க, நம்பாதீங்க, ஸ்கேன் பண்ணா தெரிஞ்சிடும். வீட்ல இருந்து பாக்கணும்னா விபிஎன் வழியா வாங்க, அதாவது வெளியாள் நுழைய முடியாத பூட்டுன தனி இணைப்பு, அதுக்கான வயர்கார்ட் சாஃப்ட்வேர் இலவசம்தான்.

அடுத்து மிரர், ஒரு டிஸ்க்ல எழுதறது, அழிக்கறது எல்லாம் இன்னொன்னுலயும் அப்படியே நடக்கும். ஒரு டிஸ்க் செத்தா இன்னொன்னு ஓடும், அவ்ளோதான் அதோட வேல. கவுன்டர் பையன் ஸ்டாக் ஃபோல்டர தெரியாம அழிச்சான்னா ரெண்டு டிஸ்க்லயும் அப்பவே போச்சு, அத பேக்கப்னு சொன்னவர்ட்ட மேற்கொண்டு யோசன கேக்காதீங்க. மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒன்னு கடைக்கு வெளிய, இதான் கணக்கு. நம்ம ஊர்ல அந்த 'வெளிய' ரொம்ப முக்கியம். 2021 ஜூலை கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம் ரெண்டயும் பாத்தோமே, சர்வர் பக்கத்துலயே பேக்கப் டிஸ்க்க வச்சிருந்தா ரெண்டும் சேந்துதான் போகும். ரெண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி என்கிரிப்ட் பண்ணி (பாஸ்வேர்ட் இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி) மாத்தி மாத்தி போடுங்க, ஒன்னு எப்பவும் வீட்ல இருக்கட்டும், சர்வர்லயே சொருகி விட்டா ரான்சம்வேர் அந்த டிஸ்க்கயும் சேத்து பூட்டிடும். மாசம் ஒரு தடவ அந்த பேக்கப் டிஸ்க்லேந்து பழைய பில் ஃபைல் ஒன்ன வேற கம்ப்யூட்டர்ல எடுத்து திறந்து பாருங்க, இத மட்டும் யாரும் செய்யறதில்ல.

லோட் ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்தறது) 2023 மாதிரி இல்லதான், ஆனா கேபிள் திருடு போனாலும் கரண்ட் போகத்தான் செய்யுது. யுபிஎஸ், அதான் கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கற பேட்டரி பெட்டி, வாங்கறவங்க அதுகூட வர்ற யுஎஸ்பி வயர பெட்டியிலயே விட்டுடுறாங்க. அத சர்வர்ல சொருகி செட்டிங் போட்டாதான் பேட்டரி குறையும்போது சர்வர் தானா ஒழுங்கா அணையும், இல்லாட்டி எழுதிக்கிட்டிருக்கற பாதியில நின்னு பில்லிங் டேட்டாபேஸ் கெட்டுப்போகும். லேசர் பிரின்டர யுபிஎஸ்ல மாட்டாதீங்க.

செகண்ட் ஹேண்ட் சர்வரா? விண்டோஸ் சர்வர் 2012 இருந்தா மாத்துங்க, 2023 அக்டோபரோட அதுக்கு சாதாரண அப்டேட் நின்னுபோச்சு. பில் போடற பசங்களுக்கு அட்மின் அக்கவுன்ட் வேணாம், சர்வர்ல உக்காந்து ஈமெயிலும் பாக்க வேணாம். கஸ்டமர் பேரு, ஐடி நம்பர் எல்லாம் அதுல இருக்குல்ல, அது வெளிய போச்சுன்னா போப்பியா (தென்னாப்பிரிக்காவோட தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டப்படி இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டருக்கும் அந்த கஸ்டமருக்கும் நீங்கதான் சொல்லணும், செட் பண்ணவர் இல்ல.

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன்): சின்ன தையல் கட, ரெண்டே கம்ப்யூட்டர். இன்டர்நெட்லயே எல்லாத்தயும் வச்சுக்கற க்ளவுட் போதாதா அண்ணா?

பதில்: போதும்மா, சர்வரே வேணாம். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்க. கரண்ட் ரொம்ப நேரம் இல்லன்னா செல் டவர் பேட்டரியும் தீந்துடும், அதனால போன் டேட்டாவ மட்டும் நம்பாம ஒரு பில் புக்கும் கைல வச்சுக்கங்க.