எட்டப்பன் என்கிறார் தாத்தா, நாயகன் என்கிறான் பேரன்

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் 24 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். மகன் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அமெரிக்க ராணுவ ரகசியங்களை வெளியிட்ட செல்சீ மேனிங்கைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்துக் கைதட்டல் வாங்கியவன், அதை வீட்டிலும் வாசித்துக் காட்டினான். அப்பா பாதியிலேயே எழுந்துவிட்டார். "யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு ரகசியத்தை வெளியே விடுறவன் எட்டப்பன். அவனுக்குக் கட்டுரை ஒரு கேடா?" என்றார். "குத்தத்தை மூடி மறைக்கிறதுதான் தாத்தா துரோகம்" என்றான் இவன். "நானும்தான் ஒண்ணைப் பார்த்தேன். வாயைத் திறந்தேனா?" என்று கத்திவிட்டு உள்ளே போனவர்தான், பத்து நாளாக இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் நான் தூது போய்க்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டியது தண்டனையா, பாராட்டா? இருவருக்கும் வாசித்துக் காட்டுகிற மாதிரி ஒரு பதில் சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, தண்டனை என்று எழுதினால் உங்கள் மகன் எழுந்து போவான். பாராட்டு என்றால் அப்பா எழுந்து போவார். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டியிருக்கிறது. இருவரையும் உட்கார வைத்துவிட்டு வாசியுங்கள்.

சண்டைக்கே இடமில்லாத ஆட்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஜான் வாக்கர் என்று ஒரு அமெரிக்கக் கடற்படைக்காரர். 1960களின் கடைசியில் தொடங்கி, 1985இல் பிடிபடும்வரை, சங்கேத எந்திரங்களின் ரகசியங்களை சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக் காசு பார்த்தார். அண்ணனையும் பெற்ற மகனையும்கூட இந்தத் தொழிலில் இழுத்துவிட்டார். ஆயுள் தண்டனை பெற்று, 2014இல் சிறையிலேயே இறந்தார். ஜாக் டெக்சீரா வேறு ரகம். கைதானபோது வயது 21. உக்ரைன் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் தன் கூட்டாளிகளுக்கு அள்ளிப் போட்டார். 2024இல் 15 வருடம் சிறை விதித்தார்கள். வார் தண்டர் என்ற டாங்கிச் சண்டை விளையாட்டில் "நான் சொன்னதுதான் சரி" என்று வாதத்தில் ஜெயிப்பதற்காக, நிஜ டாங்கியின் கையேட்டுப் பக்கங்களை எடுத்துப் போட்ட மகானுபாவர்களும் உண்டு. காசுக்கும் பந்தாவுக்கும் ரகசியத்தை விட்ட இவர்களுக்காக உங்கள் மகனும் கட்டுரை எழுத மாட்டான்.

அப்பாவின் கோபத்துக்கு வருகிறேன். அவர் சிக்னல்ஸ்காரர். ஒரு வரி கசிந்தால் என்ன ஆகும் என்பதை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர். 1943 ஜூன் மாதம், பசிபிக் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்ட்ரூ மே என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பத்திரிகையாளர்களிடம் பெருமையாக ஒன்றைச் சொன்னார்: நம் நீர்மூழ்கிகள் தப்பித்து வருவதற்குக் காரணம், ஜப்பானியர் போடும் குண்டுகள் போதிய ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே வெடித்துவிடுவதுதான். பத்திரிகைகளும் அதை அச்சிட்டன. அதைப் பார்த்து ஜப்பானியர் குண்டுகளை ஆழத்தில் வெடிக்கும்படி மாற்றிக்கொண்டார்கள், அந்தப் பேச்சு 10 நீர்மூழ்கிகளையும் 800 பேரையும் காவு வாங்கியது என்று நீர்மூழ்கிப் படைத் தளபதி லாக்வுட் பிற்பாடு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் கூடக்குறைய இருக்கலாம். மே ராணுவ வீரரும் அல்ல, கெட்ட எண்ணத்தில் சொன்னவரும் அல்ல. ஆனால் உங்கள் அப்பா 24 வருடம் மனதில் சுமந்துகொண்டிருந்த பயம் இதுதான். எதிரிக்கு ஒரு வாக்கியம் போதும். "எட்டப்பன்" என்ற சொல் அந்தப் பயத்திலிருந்து வருகிறது. பேரன் அதைப் பழங்காலத்து மூர்க்கம் என்று தள்ளிவிடக் கூடாது.

இப்போது மேனிங். ஈராக்கில், பாக்தாதுக்குக் கிழக்கே ஒரு முகாமில் உளவுத் தகவல்களை அலசும் வேலை. 2010இல் வயது 22. அப்போது பெயர் பிராட்லி. தண்டனை விதிக்கப்பட்ட பிறகுதான் தன்னைப் பெண்ணாக அறிவித்து செல்சீ ஆனார். பாட்டு சிடி மாதிரித் தெரிய, ஒரு சிடியின் மேல் பாடகி லேடி காகாவின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு, பாட்டுக்கு வாயசைத்தபடியே ராணுவக் கணினியிலிருந்து ஆவணங்களை நகலெடுத்தார். அதில் ஒன்று ஒரு ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சி. 2007 ஜூலை 12, பாக்தாத் தெரு ஒன்றில் நின்றவர்களை மேலிருந்து சுடுகிறார்கள். செத்தவர்களில் இருவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள். ஒருவர் தோளில் தொங்கிய கேமராவை ஆயுதம் என்று நினைத்துவிட்டார்கள். அடிபட்டவரை ஏற்றிப் போக ஒரு வேன் வருகிறது. அதையும் சுடுகிறார்கள். உள்ளே இரண்டு குழந்தைகள். காயத்தோடு உயிர் தப்பினார்கள். சுட்டவர்கள் இடையிடையே சிரிக்கும் சத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது.

இந்தக் காட்சியை ராய்ட்டர்ஸ் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் முறைப்படி கேட்டது. கொடுக்கவில்லை. ராணுவம் தானே விசாரித்து, சுட்டவர்கள் விதிமுறைப்படிதான் நடந்தார்கள் என்று கோப்பை மூடிவிட்டது. செத்தவர்களின் வீட்டார் உண்மையை அறிய ஒரு வழியும் மிச்சமில்லாத நிலையில்தான் மேனிங் அதை, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்துக்குக் கொடுத்தார். அந்த ஒரு காட்சியோடு நின்றிருந்தால் நான் உங்கள் மகன் பக்கம்தான். கட்டுரையில் இன்னும் இரண்டு பத்தி சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

அவர் நிற்கவில்லை. ஆப்கன் போர்க் குறிப்புகள், ஈராக் போர்க் குறிப்புகள், தூதரகங்கள் அனுப்பிய இரண்டரை லட்சம் தகவல்கள் என்று ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அவர் கையிலிருந்து போயின. சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒன்று என்று ஊண் உறக்கம் இல்லாமல் படித்தாலும் ஏழு லட்சத்தை முடிக்க 486 நாள் ஆகும். மேனிங் ஈராக்கில் இருந்ததே எட்டு மாதத்துக்குள்தான். படிக்காததைத்தான் கொடுத்திருக்கிறார். ஆப்கன் குறிப்புகளில், படையினரிடம் தகவல் சொன்ன கிராமத்து மனிதர்களின் பெயர்களும் இருந்தன. இந்தக் கசிவால் இன்னார் கொல்லப்பட்டார் என்று நேரடியாகச் சுட்டிக்காட்ட, பாதிப்பை ஆராய்ந்த ராணுவ ஜெனரலாலேயே நீதிமன்றத்தில் முடியவில்லை. நல்லது. ஆனால் அந்த மனிதர்களைக் காப்பாற்றியது மேனிங்கின் ஜாக்கிரதை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதே வேலையை வேறு மாதிரிச் செய்தவர் டேனியல் எல்ஸ்பெர்க். முன்னாள் மரைன் அதிகாரி, பிறகு பாதுகாப்புத்துறை ஆய்வாளர். வியட்நாம் போரைப் பற்றி அரசு மக்களிடம் சொன்னது ஒன்று, உள்ளே எழுதி வைத்தது வேறொன்று என்பதைக் காட்டும் 7000 பக்க ரகசிய வரலாறு அவர் கைக்கு வந்தது. 1969 அக்டோபரில் இரவு இரவாக, ஒரு விளம்பர அலுவலகத்தின் ஜெராக்ஸ் எந்திரத்தில் நகலெடுத்தார். ஒருநாள் 13 வயது மகன் எந்திரத்தில் தாள் வைத்துக் கொடுத்தான். 10 வயது மகளும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பக்கங்களின் ஓரத்திலிருந்த 'அதி ரகசியம்' முத்திரையை வெட்டி வெட்டிப் போட்டாள். (பிள்ளைகளை இதில் உட்கார வைத்திருக்க வேண்டுமா என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. சிறைக்குப் போகும்முன், அப்பா என்ன செய்தார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் நினைப்பு.) ஆனால் அவர் பத்திரிகைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது எது தெரியுமா? 47 தொகுதிகளில் நான்கு. அமைதிப் பேச்சுவார்த்தை பற்றியவை. வெளியானால் பேச்சு முறிந்துவிடுமோ என்று ஒதுக்கி வைத்தார். 1971இல் செய்தி வெடித்ததும் இரண்டு வாரம் போல மறைந்திருந்து, மற்றப் பத்திரிகைகளுக்கும் நகல்களைச் சேர்த்துவிட்டு, தானே போய்ச் சரணடைந்தார். 115 வருடம்வரை சிறைக்கு அனுப்பக்கூடிய வழக்கு. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகை ஆட்கள் புகுந்து திருடியது அம்பலமாகி, 1973இல் தள்ளுபடியானது.

அந்த நான்கு தொகுதிகள்தான் என் அளவுகோல், சகோதரி. ரகசியத்தை எடுத்தவர் எதை வெளியே விட்டார் என்று எல்லோரும் பார்க்கிறோம். எதைத் தன்னோடு வைத்துக்கொண்டார் என்று நான் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் அப்பா ஒன்று சொல்வார், எனக்கே கேட்கிறது: "பத்திரிகைக்கு ஏன் போகணும்? மேலதிகாரிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" ஜோ டார்பி அப்படித்தான் செய்தார். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் வேலை பார்த்த அமெரிக்க ராணுவக் காவலர். சும்மா ஊர்க் காட்சிகள் இருக்கிறதா என்று சக வீரரிடம் கேட்டு வாங்கிய சிடியில், நிர்வாணமாக அடுக்கப்பட்ட கைதிகளின் படங்கள் இருந்தன. 2004 ஜனவரியில் ராணுவப் புலனாய்வாளர்களிடம் கொடுத்தார். பத்திரிகைக்குப் போகவில்லை. பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தார்கள். மே மாதம், நாடாளுமன்ற விசாரணையில், பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று டார்பியின் பெயரைத் தொலைக்காட்சி நேரலையில் சொல்லிவிட்டார். டார்பி அந்த நேரம் ஈராக்கில் நூற்றுக்கணக்கான வீரர்களோடு மெஸ்ஸில் உட்கார்ந்து அதே நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நினைத்துப் பாருங்கள். சொந்த ஊரிலேயே அவரைத் துரோகி என்றார்கள். குடும்பம் அங்கே திரும்பிப் போய் வாழ முடியவில்லை. முறைப்படி கதவைத் தட்டியவருக்கு இதுதான் கிடைத்தது என்றால், அடுத்தவன் எந்த நம்பிக்கையில் தட்டுவான்?

மேனிங்குக்கு 2013இல் 35 வருடம் விதித்தார்கள். எதிரிக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். அப்பா இதைக் கவனிக்க வேண்டும், எட்டப்பன் பட்டத்தை அந்த ராணுவ நீதிமன்றமே ஏற்கவில்லை. அபு கிரைப் கொடுமைகளின் தலைவனாகக் கருதப்பட்ட சார்ல்ஸ் கிரேனருக்கு 10 வருடம், உள்ளே இருந்தது ஆறரை. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டதில் தண்டிக்கப்பட்ட ஒரே ஆள் லெப்டினன்ட் கேலி. ஆயுள் தண்டனை என்றார்கள், பெரும்பாலும் வீட்டுக்காவலில் மூன்றரை வருடத்தில் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2024இல் ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைடுக்கு ஐந்து வருடம் எட்டு மாதம். ஆப்கானிஸ்தானில் ஆஸ்திரேலியப் படையினர் செய்த கொலைகள் பற்றிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார் என்பது குற்றம். 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தக்க தகவல் இருப்பதாக ஆஸ்திரேலிய அதிகாரபூர்வ விசாரணையே 2020இல் சொல்லியிருந்தது. மெக்பிரைடு சிறைக்குப் போன நாளில், அந்தக் கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். அந்த ஹெலிகாப்டர் காட்சிக்காக மேனிங்குக்குப் பாராட்டு. படிக்காமல் கொட்டிய ஆவணங்களுக்காகத் தண்டனை. ஆனால் கைதியைச் சித்திரவதை செய்தவன் உள்ளே இருந்த காலத்தைவிடக் குறைவாக. ஒரே ஆளுக்கு இரண்டுமா என்றால், இரண்டும்தான். ஒபாமா 2017இல் மன்னிப்பு வழங்காமல் தண்டனைக் காலத்தை மட்டும் குறைத்தார். குற்றம் குற்றமாகவே நின்றது, ஆள் ஏழு வருடத்தில் வெளியே வந்தார். நான் கேட்பது அதைவிடவும் குறைவு. பேரனுக்குக் கொஞ்சம் கசக்கும், தாத்தாவுக்கு நிறையக் கசக்கும்.

சட்டம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வேலையும் தருகிறேன். கனடாவின் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் (2024 முதல் அதன் பெயர் 'வெளிநாட்டுத் தலையீடு மற்றும் தகவல் பாதுகாப்புச் சட்டம்') 15ஆம் பிரிவைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர் ஒரு குற்றத்தை வெளிப்படுத்தினால், பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதாட அது இடம் கொடுக்கிறது. முதலில் யாரிடம் போக வேண்டும், அங்கே பதில் இல்லையென்றால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. மெக்பிரைடுக்கு அந்த வாதமே மறுக்கப்பட்டது.

கடைசியாக உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம். "நானும்தான் ஒண்ணைப் பார்த்தேன், வாயைத் திறந்தேனா?" என்று அப்பா சொன்னதை அவருடைய கட்டுப்பாட்டுக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. மேனிங் சரியென்றால், அன்று சும்மா இருந்த தான் யார் என்ற கேள்வி அவருக்கு வந்துவிடுகிறது. அதுவும் வளர்த்த பேரன் வாயிலிருந்து. பேரன் திட்டியது ஒரு கட்டுரையில் வரும் அதிகாரிகளை, பட்டது தாத்தாவுக்கு.

என்ன பார்த்தார் என்று அவரை யாரும் கேட்காதீர்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விஷயம். பையனைத் தனியே கூப்பிட்டு, தாத்தாவிடம் போய் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "தாத்தா, அந்தக் காலத்துல நீங்க சொல்லணும்னு நினைச்சிருந்தா, யார்கிட்ட சொல்லியிருக்க முடியும்?" கேட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அவர் பேச எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும்.