ஜிபிஎஸ் பாயின்ட் மாற்றும் மென்பொருளை ஆன்டிவைரஸ் அழிக்கிறது. கணினியை ஃபார்மேட் அடிக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். கடையில் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இப்போதே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

படகு ஜிபிஎஸ்ஸில் இருக்கும் பாயின்ட்டுகளைக் கணினிக்கு மாற்ற ஓர் இலவச மென்பொருளை இறக்கியதாகவும், ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று தூக்கிவிட்டதாகவும், கடையில் "சிஸ்டம் முழுக்க வைரஸ்" என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இது புதிய பேச்சு இல்லை. நீங்கள் படகு வைத்திருக்கும் குடும்பம் என்றே எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) மீன் நிற்கும், எங்கே வலை மாட்டிக் கிழியும் என்று அப்பாவும் சித்தப்பாவும் வருஷக்கணக்காகக் குறித்து வைத்த பாயின்ட்டுகள் போனால் எங்கே போய் வாங்குவது? ஒரு சின்ன மென்பொருளின் மேல் வந்த எச்சரிக்கைக்காக டிஸ்க்கைத் துடைக்கச் சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு.

முதல் வேலை, கணினியில் பாயின்ட்டுகள் சேமித்திருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுப்பது. ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்பு, தானாக ஓடாது. நோட்பேடில் திறந்து பாருங்கள். நம் கடற்கரைப் பாயின்ட்டுகள் என்றால் அட்சரேகை 9 என்றும் தீர்க்கரேகை 78 அல்லது 79 என்றும் தொடங்கும் வரிசைகள் தெரியும். அவை தெரிந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது. நகல் எடுக்கும் பென்டிரைவ் ஜெராக்ஸ் கடைகளுக்குப் போய் வந்ததாக இருக்க வேண்டாம். ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ் அந்த வழியில்தான் வருகிறது, அது பொய்யெச்சரிக்கை கிடையாது.

ஆன்டிவைரஸ் ஏன் நல்ல கோப்பைப் பிடிக்கிறது? ஏற்கெனவே தெரிந்த வைரஸின் அடையாளத்தோடு ஒத்துப்பார்ப்பது ஒரு வழி. தெரியாத கோப்பு வந்தால், அதன் அமைப்பையும் நடத்தையையும் பார்த்து ஊகிப்பது இன்னொரு வழி. தவறுகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும். தனி ஒருவர் எழுதிய இலவச மென்பொருளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இருக்காது, ஏனென்றால் அதற்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். அளவைக் குறைக்க யுபிஎக்ஸ் போன்ற கருவியால் சுருக்கியிருப்பார்கள், வைரஸ் எழுதுபவர்களும் அதையே செய்கிறார்கள். உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான் அதை இறக்கியிருப்பார்கள். ஊருக்குப் புதிய ஆளைத் தெருமுனையில் நிறுத்தி விசாரிப்பது மாதிரிதான் ஆன்டிவைரஸ் அதை நிறுத்துகிறது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களுக்கும் இந்தச் சிக்கல் வரக் காரணம் உண்டு. நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடையில் வாங்கித் தமிழ் எழுத்தாக மாற்றுவது அவற்றின் வேலை. கடவுச்சொல் திருடும் கீலாகரும் விசைகளை இடையில்தான் வாங்குகிறது. விசைகளுக்கு வேலை சொல்லிவைக்க உதவும் ஆட்டோஹாட்கீயில் எழுதி இஎக்ஸ்இ (நேராக ஓடும் கோப்பு) ஆக்கிய சிறு கருவிகளும் இதே காரணத்தால் அடிக்கடி மாட்டும்.

பெரிய நிறுவனங்களே தடுக்கி விழுந்திருக்கின்றன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸ் என்று பிடித்ததில் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. 2022 செப்டம்பரில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், குரோம் திறக்கும்போதெல்லாம் "ஹைவ்.இசட்ஒய்" என்று எச்சரித்தது. அடுத்த அப்டேட்டில் அது சரியானது. அதனால் சரிபார்க்கும் முன் ஆன்டிவைரஸை அப்டேட் செய்து, அதே கோப்பை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் எச்சரிக்கையில் உள்ள பெயரை முழுசாகப் படியுங்கள். டிஃபெண்டர் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், அதில் ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி. பெயரின் கடைசியில் "!எம்எல்" என்று இருந்தால் இயந்திரக் கற்றல் ஊகித்தது என்று பொருள். "வாகாடாக்.பி!எம்எல்" என்ற பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜெனரிக், ஜென், ஹியூர் என்று வந்தாலும் பொதுவான ஊகம்தான். "பியுஏ" என்றால் வைரஸ் இல்லை, பெரும்பாலும் கூடவே விளம்பர மென்பொருளைத் திணிக்கும் இன்ஸ்டாலர். "ஹேக்டூல்", "கீஜென்" என்று வந்தால் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது, அது காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைக்கும் கிராக்.

"விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி" என்று நீலப் பெட்டி வந்திருந்தால் அது வைரஸ் எச்சரிக்கையே இல்லை. இந்தக் கோப்பை அதிகம் பேர் பயன்படுத்தவில்லை, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்று விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் சொல்கிறது, அவ்வளவுதான். பிரவுசரில் திரை முழுக்கச் சிவப்பாக வந்து, சத்தம் போட்டு, ஒரு போன் நம்பரைக் கூப்பிடச் சொன்னால் அது மோசடி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள், அந்த நம்பருக்குப் பேசாதீர்கள். பேசிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

இனி கோப்பைச் சோதிப்பது. எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. பாயின்ட் மாற்றும் ஜிபிஎஸ்பேபல் போன்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்தில் இருந்து எடுத்திருந்தால் ஒரு கதை, "இலவச டவுன்லோட்" என்று பச்சைப் பொத்தானாக நிறைந்த தளத்தில் எடுத்திருந்தால் வேறு கதை. இரண்டாவது என்றால் மேலே எதுவும் பார்க்க வேண்டாம், அழித்துவிட்டுச் சொந்தத் தளத்தில் புதிதாக எடுங்கள்.

அடுத்து, கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், கையொப்பம் உள்ள கோப்புக்கு டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல் இருக்கும். பெயரைத் தேர்ந்து டீட்டெயில்ஸ் அழுத்தினால் கையொப்பம் சரியா என்று சொல்லும். கையொப்பம் இல்லாதது குற்றம் இல்லை. இருந்தும் செல்லாது என்று வந்தால் கோப்பு மாறியிருக்கிறது. அதற்கு எப்போதும் கெட்ட காரணம் இருக்க வேண்டியதில்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது கோப்பு பழுதாகியிருந்தாலும் இப்படிக் காட்டலாம். தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப்பாருங்கள். கோப்பின் விரல்ரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ-256 எண்ணும் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. 7-ஜிப் நிறுவியிருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே அந்தக் கணக்கு உண்டு, 64 எழுத்துகள் வரும். ஒன்று மாறினாலும் அது அந்தக் கோப்பு இல்லை.

அந்த 64 எழுத்துகளை வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். 2012 முதல் கூகுளிடம் இருக்கும் தளம் அது, சுமார் 70 ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். யாராவது முன்பே அந்தக் கோப்பை ஏற்றியிருந்தால் எண்ணைத் தேடினாலே முடிவு வரும். வராவிட்டால் இன்ஸ்டாலரை ஏற்றலாம், 650 எம்பி வரை எடுக்கும். பாயின்ட் கோப்பை மட்டும் ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் பணம் கட்டும் வாடிக்கையாளர்களுக்கும் கிடைக்கும். பக்கத்துப் படகுக்கே காட்டாத பாயின்ட்டை அங்கே போடுவானேன்? ஆதார் நகல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

முடிவைப் படிப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எழுபதில் இரண்டு மூன்று, அதுவும் பெயர் தெரியாத எஞ்சின்கள் (ஆன்டிவைரஸ்கள்), ஆளுக்கு ஒரு பொதுப்பெயர் சொன்னால் பெரும்பாலும் பொய்யெச்சரிக்கை. பெரிய எஞ்சின்கள் பல சேர்ந்து ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் உண்மை. எழுபதும் பச்சையாக இருந்தாலும், கோப்பு முதன்முதலில் ஏற்றப்பட்டது இன்றுதான் என்றால் நம்பாதீர்கள். புதிய வைரஸும் முதல் நாள் அப்படித்தான் தெரியும். இரண்டு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.

"எல்லாம் ஃபால்ஸ் பாசிட்டிவ்தான், ஆஃப் பண்ணிட்டுப் போடு" என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒன்று. 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருளைப் பாதுகாப்பு மென்பொருள் பிடித்தபோது பொய்யெச்சரிக்கை என்றே பலர் நினைத்தார்கள். அந்த நிறுவனத்தின் சொந்த அப்டேட்டுக்குள்ளேயே, செல்லுபடியாகும் கையொப்பத்தோடு, திருட்டு நிரல் புகுந்திருந்தது. 2017இல் கணினியில் குப்பைக் கோப்புகளை நீக்கும் சிகிளீனருக்கும் அதே கதி. அதனால் நான் சொல்லும் சோதனைகளில் ஒன்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏதாவது ஒன்று இடித்தால் கோப்பை ஓட்ட வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அந்த வரியைத் திறந்து ஆக்‌ஷன்ஸில் ரெஸ்டோர் கொடுங்கள். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவுவதில் ஒரு பொறி இருக்கிறது. டிஃபெண்டரின் ரியல் டைம் பாதுகாப்பை அணைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே திரும்ப எழுந்துகொள்ளும், கோப்பை மறுபடி தூக்கும். "வைரஸ் திரும்ப வந்துவிட்டது" என்று கடையில் சொல்வது பல நேரம் இதைத்தான். அதற்குப் பிறகு சி டிரைவையே விதிவிலக்கில், அதாவது ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் பட்டியலில், போட்டுவிடுகிறார்கள். அது செய்யவே கூடாத வேலை.

விதிவிலக்கு கொடுப்பதென்றால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும், அல்லது அந்த மென்பொருள் இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் வேண்டாம், இஎக்ஸ்இ என்ற கோப்பு வகை வேண்டவே வேண்டாம். "ப்ராசஸ்" என்ற வகை பலரைக் குழப்பும். அதில் பெயர் கொடுத்தால் அந்த மென்பொருள் திறக்கும் மற்ற கோப்புகள்தான் சோதனையில் இருந்து தப்பும், மென்பொருளின் கோப்பு தப்பாது. உங்களுக்கு வேண்டியது "ஃபைல்". வேறு நிறுவன ஆன்டிவைரஸ் என்றால் எக்ஸ்க்ளூஷன் அல்லது எக்ஸெப்ஷன் என்ற பெயரில் செட்டிங்ஸில் இருக்கும். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே கணினியில் வைத்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒன்று அடைத்து வைத்ததை இன்னொன்று வைரஸ் என்று பிடிக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஃபார்மேட்டுக்கு முன் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும், கால் மணி நேர வேலை.

இதோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இ-சேவை நடத்துபவர்களுக்கு வரும் நிறுவல் குறிப்புகளில் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று ஒரு வரி சாதாரணமாக இருக்கிறது. ஆதார் விவரம் கையாளும் கணினியில் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை! விரல்ரேகைக் கருவியைத் தளத்தோடு இணைக்கும் மென்பொருளான ஆர்டி சர்வீஸ், கணினிக்குள்ளேயே 11100 முதல் 11120 வரையிலான போர்ட்களில் ஒன்றில் பிரவுசரோடு பேசும். ஆன்டிவைரஸின் ஃபயர்வால் அதை மறித்தால் கருவியில் விளக்கு எரியும், தளத்தில் "டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று வரும். அந்த சர்வீஸின் இஎக்ஸ்இக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். இதை ஒரு பத்தியில் எழுதிக் கொடுக்க முடியாதா? வரிசையில் நிற்கும் வயதானவர்களைத் திருப்பி அனுப்பும்போது பழியெல்லாம் மையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மேல்தான் விழுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவேளை அந்த மென்பொருளே தேவையில்லாமல் இருக்கலாம். ஜிபிஎஸ் யுஎஸ்பியில் செருகியதும் பென்டிரைவ் மாதிரித் தெரியும் மாடல் என்றால், அதற்குள் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரைத் திறந்து அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளலாம். மெமரி கார்டு போடும் கருவி என்றால் யூசர் டேட்டாவைக் கார்டிலேயே சேமிக்கும் வசதியை மெனுவில் தேடுங்கள். பழைய சீரியல் கேபிள் மாடல் என்றால்தான் மென்பொருளும் டிரைவரும் வேண்டும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. மலிவான யுஎஸ்பி-சீரியல் கேபிள்களில் பிஎல்2303 சிப்பின் போலியோ பழைய வகையோ இருக்கும். புதிய டிரைவர் அதை ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியும் "கோட் 10" என்ற பிழையும் வரும். இதையும் வைரஸ் என்று நினைத்து, டிரைவர் தேடிக் கண்ட தளத்துக்கும் போய் உண்மையான தீங்கை இறக்கிக்கொள்கிறார்கள். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பொய்யெச்சரிக்கை என்று உறுதியானால் அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கே அனுப்புங்கள். மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி இன்டெலிஜென்ஸ் தளத்தில் கோப்பு சமர்ப்பிக்கும் பக்கம் இருக்கிறது, "தவறாகப் பிடிக்கப்பட்டது" என்பதைத் தேர்ந்து எச்சரிக்கையின் பெயரையும் குறிப்பிடுங்கள். கோப்பை ஜிப் செய்து அனுப்பினால் "இன்ஃபெக்டட்" என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் கடவுச்சொல்லாகப் போடுவது இந்தத் துறையின் வழக்கம். அவர்கள் சரிசெய்து அப்டேட் வந்ததும் விதிவிலக்கை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் தீராவிட்டால் கருத்தில் எழுதுங்கள். ஆன்டிவைரஸ் எது, எச்சரிக்கையின் முழுப் பெயர், இன்ஸ்டாலரின் 64 எழுத்து எண், ஜிபிஎஸ் மாடல், இந்த நான்கும் போதும். பாயின்ட் தெரியும் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டாம்.