கண்காட்சி ஸ்டாலில் விளம்பர வீடியோ போதுமா, நேரடி செயல்விளக்கம் வேண்டுமா?

செயல்விளக்கம் என்றால் வேறொன்றுமில்லை, பொருளை வந்தவரின் கண்முன்னே ஓட்டிக் காட்டுவது. விளம்பர வீடியோ முன்பே எடுத்து, வெட்டி ஒட்டி, திரையில் திரும்பத் திரும்ப ஓடவிடுவது.

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் செயல்விளக்கத்தையே செய்யுங்கள். காரணம் நம்பிக்கை. சரியாக வராத காட்சியை வீடியோவில் நீக்கிவிடலாம் என்பது பார்ப்பவருக்கும் தெரியும். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர், தான் நின்றிருந்த லிஃப்ட் மேடையை உயரே தூக்கவைத்து, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை; பாதுகாப்புப் பிடி அதை அங்கேயே நிறுத்தியது. இதைப் படத்தில் காட்டியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? தர்பூசணிக்காரர் ஒரு துண்டு வெட்டிக் காட்டினால் நாம் உடனே வாங்குவது போலத்தான் இதுவும்.

கிரைண்டர் விற்கிறீர்களா? ஊறவைத்த உளுந்தைப் போட்டு அங்கேயே ஆட்டுங்கள். மாவை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். “சத்தம் இவ்வளவுதானா?”, “கல்லைக் கழற்றிக் கழுவலாமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளில்தான் விற்பனை தொடங்குகிறது. அப்புறம், மின் இணைப்பு, தண்ணீர், கழிவு வாளி எல்லாவற்றையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்டாலுக்குள் கொண்டுவர முடியாததற்கு வீடியோ நல்லது: வயலில் ஓடும் அறுவடை இயந்திரம், ஆழ்துளைக் கிணற்று வேலை. ஒலி இல்லாமலும் புரியும்படி சுருக்கமாக எடுங்கள்.

வீடியோவைச் சத்தமாக வைத்தால் கூட்டம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் விலை கேட்க வந்தவரோடு பேசக்கூட முடியாது.